குளூட்டன் சோதனை: தட்டைவிட அடுப்படிக்கே அதிகம் தேவை

ஒரு கிலோ குளூட்டன் இல்லாத மாவில் 0.2 கிராம் கோதுமை மாவு விழுந்தால் போதும், அந்த ஒரு கிலோவும் ‘குளூட்டன் இல்லாதது’ என்ற எல்லையின் விளிம்புக்கு வந்துவிடும். கோதுமை மாவில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்ற புரதம். அதனால் 0.2 கிராம் மாவில் இருப்பது 20 மில்லிகிராம். கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்பதைத்தான் 20 பிபிஎம் என்கிறோம். விரல் நுனியில் ஒட்டுகிற அளவு மாவு அது. பார்த்தால் தெரியாது, முகர்ந்தால் தெரியாது, சாப்பிட்டாலும் ருசியில் தெரியாது.

இதனால்தான் குளூட்டனால் சிறுகுடல் கெடும் சீலியாக் நோய் உள்ளவர்கள் வெகுகாலம் பிறர் சொல்லை நம்பியே சாப்பிட்டு வந்தார்கள். சமைத்தவர் ‘இதில் கோதுமை இல்லை’ என்றால் இல்லை, அவ்வளவுதான். இப்போது உணவில் குளூட்டன் உண்டா என்று காட்டும், கைப்பைக்குள் அடங்கும் கருவிகளும், கோடு விழும் சோதனை ஸ்ட்ரிப்களும் வந்துவிட்டன. நோயாளிக்கும் அவருக்காகச் சமைப்பவருக்கும் நடுவே மூன்றாவது ஆளாக ஒரு கோடு வந்து உட்கார்ந்திருக்கிறது. சில இடங்களில் அது நல்லது செய்கிறது, சில இடங்களில் உறவைக் கெடுக்கிறது. எது எங்கே நடக்கிறது என்பது பெரும்பாலும் கருவியின் தரத்தைப் பொறுத்ததல்ல, அதை எந்த நேரத்தில் எந்தப் பொருள்மேல் வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சமைத்து முடித்த தட்டைச் சோதித்தால் கிடைக்கும் தகவல் குறைவு, மனக்கசப்பு அதிகம். சமைக்கும் முறையைச் சோதித்தால் இது தலைகீழாகிவிடும்.

20 என்ற எண்

உலக மக்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு சீலியாக் நோய் உண்டு. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் உள்ளே போனதும் உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் கரேல் டிக்கே 1950-ல் தன் ஆய்வேட்டில் எழுதினார். அன்று முதல் இன்றுவரை வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதுதான் வைத்தியம்.

‘தவிர்ப்பது’ என்றால் எவ்வளவு? சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2008-ல் 20 பிபிஎம் என்ற வரம்பை வைத்தது. அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2013-ல் அதையே விதியாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே எண்தான். இத்தாலியைச் சேர்ந்த கட்டாஸி குழுவினர் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியம். தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் வீதம் 90 நாள் உட்கொண்டவர்களுக்குக் குடல் சுவரில் சேதம் தெரிந்தது. ஒரு நாளைக்கு 10 மில்லிகிராமுக்குள் நின்றால் பெரும்பாலோருக்குப் பாதிப்பு வர வாய்ப்பு குறைவு என்பது அதன் பிறகு வழக்கத்துக்கு வந்த கணக்கு. 20 பிபிஎம் உணவை அரைக் கிலோ சாப்பிட்டால் சரியாக 10 மில்லிகிராம் வருகிறது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. லேபிள் பார்ப்பது கிலோவுக்கு எவ்வளவு என்று. உடல் பார்ப்பது நாளைக்கு எவ்வளவு என்று. 40 பிபிஎம் உள்ள மிளகுத்தூளில் 2 கிராம் தூவினால் உள்ளே போவது 0.08 மில்லிகிராம். 19 பிபிஎம் உள்ள பாஸ்தாவை 400 கிராம் சாப்பிட்டால் 7.6 மில்லிகிராம். சோதனையில் தோற்பது முதலாவது, தேறுவது இரண்டாவது. கருவி ‘குளூட்டன் உண்டு’ என்று சிவப்பு காட்டியதும் பதறுவதற்கு முன் அந்தப் பொருளை எத்தனை கிராம் சாப்பிடப் போகிறோம் என்று ஒரு தடவை பெருக்கிப் பார்ப்பது நல்லது.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வேறு வழியில் போயின. அங்கே ‘குளூட்டன் இல்லாதது’ என்றால் சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் ஆய்வகத்தின் கூர்மை ஏற ஏற, யாருடைய உடல்நிலையும் மாறாமலேயே சட்டத்தின் வரம்பு மட்டும் கீழே இறங்குகிறது. முன்பு 20 பிபிஎம் அளவில் ஒன்றும் தென்படாது என்றிருந்தது, இன்று 3 பிபிஎம் அளவிலேயே தென்படுகிறது. நேற்றுவரை விற்ற ரொட்டியை இன்று அந்தப் பெயரில் விற்க முடியாது. தயாரிப்பவர் விலகினால் நோயாளியின் அலமாரியில்தான் ஒரு பொருள் குறைகிறது. கருவி முன்னேறினால் பாதுகாப்பும் அதே அளவு கூடும் என்று எண்ணுகிறவர்கள் இந்த இரண்டு நாடுகளின் சங்கடத்தைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

ஸ்ட்ரிப் எதைப் பார்க்கிறது

இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை ஆன்டிபாடியை, அதாவது குறிப்பிட்ட ஒரு பொருளைத் தேடிப் பற்றிக்கொள்ளும் புரதத்தை, நம்பியவை. கோடெக்ஸ் ஏற்ற எலைசா என்ற ஆய்வகச் சோதனை முறையில் உள்ளது ஆர்5 என்ற ஆன்டிபாடி. ஸ்பெயினில் என்ரிக் மெண்டெஸ் குழு உருவாக்கியது. ஜி12 இன்னொன்று. இவை குளூட்டன் முழுவதையும் தேடுவதில்லை, அதற்குள் இருக்கும் ஐந்தாறு அமினோ அமிலங்களின் குறிப்பிட்ட வரிசையைத்தான் தேடுகின்றன. கிடைத்த கிளியாடின் (குளூட்டனின் ஒரு பகுதி) அளவை இரண்டால் பெருக்கி ‘குளூட்டன் இவ்வளவு’ என்று எழுதுவது பழைய வழக்கம். அறிக்கையில் தெரியும் எண்ணுக்குள் இப்படி ஓர் அனுமானம் உட்கார்ந்திருக்கிறது.

ஒவ்வொரு ஆன்டிபாடிக்கும் ஒரு சாய்வு உண்டு. ஆர்5 பார்லியைக் கூட்டிக் காட்டும். ஸ்கெரிட் முறை எனப்படும் பழைய கிட் பார்லியைக் குறைத்துக் காட்டும். மால்ட் (முளைகட்டிய பார்லி) கலந்த பொருளுக்கு கிட் வாங்கும்போது, பார்லிக்கு எவ்வளவு எட்டும் என்று கையேட்டில் தேடிப் பார்க்க வேண்டும். எழுதவில்லை என்றால் அந்த வேலைக்கு அந்தக் கிட் வேண்டாம்.

புளிக்க வைத்த, நொதி சேர்த்து உடைத்த பொருள்களில் தொல்லை இன்னும் பெரிது. பீர், சோயா சாஸ், மால்ட் சாறு, புளிமாவு ரொட்டி ஆகியவற்றில் புரதம் துண்டு துண்டாகிவிடுகிறது. சாதாரண சாண்ட்விச் எலைசாவில் ஒரே துண்டில் இரண்டு இடங்களில் ஆன்டிபாடி பற்ற வேண்டும். சின்னத் துண்டில் ஓர் இடம்தான் இருக்கும், ஆகவே முடிவு ‘இல்லை’ என்று வரும். குடலுக்குக் கெடுதல் செய்ய அந்தத் துண்டே போதும். இதற்கு, ஓர் இடம் பற்றினாலே போதும் என்ற போட்டி எலைசா என்ற வேறு வகை இருக்கிறது, ஆனால் கையடக்க ஸ்ட்ரிப்களில் பெரும்பாலானவை அந்த வகை அல்ல. சோயா சாஸில் ஸ்ட்ரிப் முக்கி நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. அமெரிக்க எஃப்டிஏ 2020-ல் கொண்டுவந்த விதி இந்த விஷயத்தில் நேர்மையானது. இப்படிப்பட்ட பொருள்களில் கடைசிச் சோதனையை நம்ப முடியாது, புளிக்க வைக்கும் முன்பே மூலப்பொருள் குளூட்டன் இல்லாததாக இருந்ததற்குப் பதிவேட்டைக் காட்டு என்கிறது.

டிஎன்ஏ தேடும் பிசிஆர் சோதனையைக் குளூட்டன் சோதனை என்று விற்பவர்களும் உண்டு. டிஎன்ஏ போய்விட்டாலும் புரதம் இருக்கலாம், புரதம் போய்விட்டாலும் டிஎன்ஏ இருக்கலாம். கோதுமை கலந்திருக்கிறதா என்று துப்பறிய உதவும், எவ்வளவு குளூட்டன் என்று சொல்ல உதவாது.

செய்முறையில் தவறும் இடங்கள்

கொரோனா காலத்தில் வீட்டில் செய்த சோதனையைப் போலவே இதிலும் சோதனை சரியாக நடந்ததைக் காட்டும் சி கோடு, குளூட்டன் இருப்பதைக் காட்டும் டி கோடு என்று இரண்டு. அந்தப் பழக்கமே பலரை அலட்சியமாக்குகிறது. கடினமான வேலை ஸ்ட்ரிப்பை முக்குவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

முதலில் இடம். கோதுமை மாவு சலித்த அறையில் மாவுத்தூசி வெகுநேரம் காற்றில் நிற்கும். அந்த அறையில் சோதித்தால் அறையைத்தான் சோதிக்கிறோம். மேசைமேல் புதுத் தாள், ஒருமுறை பயன்படுத்தும் கரண்டி, சோப்பால் கழுவிய கை அல்லது புதுக் கையுறை. கிருமிநாசினி ஜெல் தேய்த்தால் கிருமி சாகலாம், குளூட்டன் கையிலேயே இருக்கும்.

அடுத்தது மாதிரி எடுப்பது. ஆய்வகம் எடைபோடுவது வெறும் 0.25 கிராம், கையடக்கக் கருவி கேட்பது பட்டாணி அளவு. அந்தத் துணுக்கு முழு உணவுக்கும் சாட்சி சொல்ல வேண்டுமானால் உணவை முன்கூட்டியே ஒன்றாக்க வேண்டும். 100 முதல் 200 கிராம் எடுத்து, சுத்தமான மிக்ஸியில் நன்றாக அரைத்து, அதிலிருந்து கிட் கேட்கும் அளவை 0.01 கிராம் வரை காட்டும் தராசில் நிறுத்து எடுங்கள். கண்ணால் மதிப்பிட்டு இரட்டிப்பாகப் போட்டால், 20 பிபிஎம்-க்கு என்று வைத்த வரம்பு 10 பிபிஎம்-க்கு இறங்கிவிடும். பாதி போட்டால் 40-க்கு ஏறிவிடும்.

பிறகு பிரித்தெடுத்தல். குளூட்டன் தண்ணீரில் கரையாது, ஆல்கஹால் கலந்த கரைசலில்தான் கரையும். சுட்ட, பொரித்த உணவில் புரதங்கள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால் வெறும் ஆல்கஹாலும் போதாது. ஆய்வகத்தில் இதற்கென்று ஒரு கலவை உண்டு. 0.25 கிராம் மாதிரியில் 2.5 மில்லி கலவை ஊற்றி 50 டிகிரி செல்சியஸில் 40 நிமிடம், பிறகு 80 சதவீத எத்தனால் 7.5 மில்லி சேர்த்து ஒரு மணி நேரம் சுழற்றுவார்கள். கைக்கருவி இரண்டு மூன்று நிமிடத்தில் முடிக்கும் வேலைக்கும் இதற்கும் உள்ள தூரத்தை மனதில் வையுங்கள். ‘ஒரு நிமிடம் குலுக்கவும்’ என்று கையேடு சொன்னால் கடிகாரம் வைத்துக் குலுக்குங்கள். குறைவாகக் குலுக்கினால் பொய்யான ‘இல்லை’ வரும்.

சாக்லேட், காபி, தேயிலை, பக்வீட் போன்றவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் குளூட்டனைப் பற்றிக்கொண்டு விடாது. ஆய்வகத்தில் மாதிரியோடு கொழுப்பு நீக்கிய பால்பொடியோ மீன் ஜெலட்டினோ சேர்ப்பது இதற்குத்தான், டானின் பால் புரதத்தைப் பிடித்துக்கொள்ளட்டும் என்று. ஒட்டும் தன்மைக்காகச் சாந்தன் கம் என்ற பசைப்பொடி போட்ட மாவுக் கலவையில் வேறு தொல்லை. சாறு கோந்துபோல் கெட்டியாகி ஸ்ட்ரிப்பில் ஏறவே ஏறாது. சி கோடு வராமல் போனால் அது ‘இல்லை’ அல்ல, சோதனையே நடக்கவில்லை என்று பொருள்.

குறித்த நிமிடத்தில் படியுங்கள். அரை மணி கழித்துக் காய்ந்த ஸ்ட்ரிப்பில் தெரியும் மங்கல் கோட்டுக்கு மதிப்பில்லை.

இன்னொரு வினோதம். குளூட்டன் மிக மிக அதிகமாக இருந்தால் டி கோடு மங்கிப்போகும், சில சமயம் மறைந்தேபோகும். ஆன்டிபாடிகள் எல்லாம் தனித்தனியே குளூட்டனால் நிரம்பிவிடுவதால் கோட்டில் பிடிபட எதுவும் மிச்சமிருக்காது. ஹூக் விளைவு என்பார்கள். முழுக் கோதுமை ரொட்டியே ‘இல்லை’ காட்டுவது இப்படித்தான். சந்தேகம் வலுவாக இருந்தால், அதே சாற்றைப் பத்து மடங்கு நீர்த்து இன்னொரு ஸ்ட்ரிப்பில் பாருங்கள். நீர்த்ததில் கோடு வந்தால் முதலாவது பொய்.

கிட் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள சொந்தமாக ஒரு மாதிரி செய்து வைத்துக்கொள்ளலாம். பாக்கெட்டில் புரதம் 12 சதவீதம் என்று போட்ட கோதுமை மாவில் ஏறத்தாழ 10 சதவீதம் குளூட்டன். அதில் 1 கிராமை 99 கிராம் சோள ஸ்டார்ச்சில் கலந்தால் 1000 பிபிஎம். அந்தக் கலவையில் 2 கிராமை மறுபடி 98 கிராம் ஸ்டார்ச்சில் கலந்தால் 20 பிபிஎம். மொத்தமாகக் கொட்டிக் கிளறினால் சீராகக் கலக்காது. 1 கிராமோடு 1 கிராம், பிறகு 2, பிறகு 4 என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். 20-ல் டி கோடு தெரிய வேண்டும், வெறும் ஸ்டார்ச்சில் தெரியக் கூடாது. அடுத்து நீங்கள் உண்மையில் சோதிக்கப்போகும் உணவு 49 கிராமில் அந்த 1000 பிபிஎம் கலவை 1 கிராம் சேர்த்து அரைத்துப் பாருங்கள். அங்கே கோடு வரவில்லை என்றால் அந்த உணவு சோதனையைத் தடுக்கிறது, அதற்கு ஸ்ட்ரிப் லாயக்கில்லை. இந்த வேலை முழுவதையும் குளூட்டன் இல்லாத சமையலறைக்கு வெளியே, வேறு உடையில் செய்ய வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறோம்.

உணவக மேசையில்

நிமா என்ற கைக்கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபின் ஒரு புது விஷயம் நடந்தது. சாப்பிட வந்தவர்களே ஆய்வாளர்கள் ஆனார்கள். 804 பேர் 18 மாதங்களில் பதிவேற்றிய 5,624 சோதனைகளைத் தொகுத்து 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. குளூட்டன் இல்லாதது என்று சொல்லி விற்ற உணவக உணவுகளில் 32 சதவீதத்தில் கருவி குளூட்டனைக் காட்டியது. பீட்சாவிலும் பாஸ்தாவிலும் பாதிக்கு மேல். செய்தி பரவிய வேகத்துக்கு ஏற்றபடி பயமும் பரவியது.

அந்த 32-ஐப் படிக்க வேண்டிய விதம் வேறு. எல்லாத் தட்டையும் யாரும் சோதிக்கவில்லை, சந்தேகப்பட்ட தட்டைத்தான் சோதித்திருப்பார்கள். 20 பிபிஎம்-க்குக் குறைவாக இருந்தாலும் கருவி ‘உண்டு’ காட்டக்கூடியது. ஆகவே மூன்றில் ஒரு உணவகம் ஏமாற்றுகிறது என்று அதற்குப் பொருளில்லை. ஆனால் பீட்சாவும் பாஸ்தாவும் முன்னணியில் இருப்பது தற்செயல் அல்ல. ஒரே அடுப்பு, ஒரே மாவுத்தூசி, ஒரே கொதிநீர். எங்கே தவறு நடக்கும் என்று அந்த எண் காட்டுகிறது, எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

மேசையில் கருவியை எடுத்து வைத்ததும் பரிமாறுபவருடைய முகம் மாறும். அது இயல்பு. அவர் பார்வையில் அது குற்றச்சாட்டு. சிவப்பு வந்துவிட்டால் மேலாளர், வாக்குவாதம், கூட வந்தவர்களின் சங்கடம். அடுத்த முறை அந்த உணவகம் ‘எங்களால் உறுதி தர முடியாது’ என்று எழுதி வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். முயற்சி செய்கிற உணவகமே இப்படி ஒதுங்குவதால் நஷ்டம் நோயாளிக்குத்தான்.

இதைக் குறைக்கச் சில வழிகள். உணவு வரும் முன்பே, சோதிக்கும் வழக்கம் உண்டு என்று சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். தட்டு வந்தபின் ஒளித்துச் செய்வதைவிட இது மேல். மாதிரியை ஒரே இடத்தில் எடுக்காமல் ஓரம், அடிப்பக்கம், சாஸ் என்று பிரித்து எடுங்கள். சிவப்பு வந்தால் சாப்பிடுவதை நிறுத்துங்கள், ஆனால் கருவியைத் தூக்கிக் காட்டாதீர்கள். ‘இது எந்தப் பாத்திரத்தில் வெந்தது, தண்ணீர் புதிதா, கரண்டி தனியா’ என்று கேளுங்கள். கோட்டைப் பார்த்துச் சமையல்காரர் வாதாடுவார், கரண்டியைப் பற்றிக் கேட்டால் யோசிப்பார். மீதி உணவைத் தனியே கட்டி வாங்கிக்கொண்டால் பிறகு ஆய்வகத்துக்கு அனுப்பவும் முடியும்.

பச்சை வந்தாலும் அது சோதித்த துணுக்குக்கு மட்டுமே. ‘சந்தேகமாக இருக்கிறது, கருவி சரி என்கிறது, சாப்பிடலாம்’ என்ற இடத்துக்கு வந்துவிட்டால் கருவி உங்களுக்குக் கெடுதல் செய்யத் தொடங்கிவிட்டது. கருவி இல்லாவிட்டால் அந்தத் தட்டைத் தொட்டிருப்பீர்களா? இல்லை என்றால் இப்போதும் வேண்டாம்.

சோதனைக் குப்பிகள் ஒருமுறை மட்டுமே பயன்படும். ஒவ்வொரு வேளைக்கும் வாங்க வசதி உள்ளவர் சிலரே. அவர்கள் நச்சரிப்பதால் ஓர் உணவகம் திருந்தினால் வசதி இல்லாதவருக்கும் பலன் உண்டு. அதே நச்சரிப்பால் உணவகம் கையை விரித்தால், கருவியே வாங்காதவரும் சேர்ந்து இழக்கிறார்.

வீடும் பள்ளியும்

உறவினர் வீட்டில் சமைத்து வைத்த உணவில் கருவியை வைப்பது உணவகத்தைவிடக் கடினம். அங்கே பணம் கொடுத்து வாங்கிய உரிமை இல்லை, அன்புதான் இருக்கிறது. அதனால் விருந்தன்று கருவியை எடுக்காமல் இருப்பதே நல்லது. சில நாள் முன்பே போய், சமைக்கப்போகிறவரோடு உட்கார்ந்து மாவு, பொடி, சாஸ் பாக்கெட்டுகளைப் பாருங்கள். திறந்து வைத்திருக்கும் டப்பா இருந்தால் அதை இருவரும் சேர்ந்து சோதியுங்கள். கோதுமை மாவில் முழுகிய கரண்டி சர்க்கரை டப்பாவுக்குள் போகும் பழக்கம் எந்த வீட்டிலும் உண்டு. சர்க்கரையில் கோடு வருவதை அவரே பார்த்துவிட்டால் தனிக் கரண்டி வைக்கச் சொல்லி நீங்கள் வற்புறுத்த வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட வேண்டியவர் ஆள் அல்ல, கரண்டி என்று ஆகிவிடுகிறது.

எல்லாச் சோதனையும் பயத்தைக் கூட்டுவதில்லை, குறைத்த சோதனைகளும் உண்டு. 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் பொதுவான டோஸ்டரில் வாட்டிய குளூட்டன் இல்லாத ரொட்டி 20 பிபிஎம்-ஐத் தாண்டவில்லை. அதே ஆய்வில், சாதாரண பாஸ்தா வெந்த நீரிலேயே வேகவைத்த குளூட்டன் இல்லாத பாஸ்தாவில் 34 முதல் 116 பிபிஎம் வரை வந்தது. அந்தப் பாஸ்தாவைக் குழாய் நீரில் அலசியதும் 20-க்குக் கீழே இறங்கியது. அதற்காகப் பழைய நீரில் வேகவைத்து அலசிக்கொள்ளலாம் என்று கிளம்ப வேண்டாம். ஆனால் இந்த எண்களால், எதற்கு உயிரை விடுவது, எதைக் கொஞ்சம் விட்டுப் பிடிப்பது என்று வீட்டுக்காரர்களுக்கு ஒரு வரிசை கிடைக்கிறது. புது டோஸ்டருக்காகச் சண்டை போடும் வீட்டில் கொதிநீரை யாரும் கவனிப்பதில்லை.

பள்ளி வேலைகளையும் அதே ஆய்வாளர்கள் சோதித்தார்கள். கோதுமை கலந்த விளையாட்டுக் களிமண், வேகாத பாஸ்தா ஆகியவற்றைத் தொட்டு விளையாடிய கைகளிலிருந்து உணவுக்கு அநேகமாக ஒன்றும் போகவில்லை. மாவு பிசையும் பாடம், காகிதக்கூழ் கைவேலை, வெந்த பாஸ்தா ஆகியவற்றில் கணிசமாகப் போனது. சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவியது நம்பகமாக வேலை செய்தது. குழந்தையைக் கைவேலை வகுப்பிலிருந்து மூலையில் உட்கார வைக்கும் ஆசிரியருக்கு இந்த முடிவு பெரிய உதவி. களிமண்ணுக்குத் தடை வேண்டாம், முடிந்ததும் எல்லாக் குழந்தைகளும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். ஒரு குழந்தையை மட்டும் அனுப்பாதீர்கள், அதுதான் அதற்கு வலிக்கும்.

சோதனைக் கருவியைக் குழந்தையின் கையில் கொடுத்து ‘நீயே பார்த்துக்கொள்’ என்பது எங்களுக்கு ஒப்பவில்லை. அது சாப்பாட்டைப் பரீட்சையாக்கிவிடுகிறது. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், மிகக் கடுமையான விழிப்போடு இருந்தவர்களின் வாழ்க்கைத் தரம் குறைவாக இருந்தது. வெளியே சாப்பிடுவது, பழகுவது எல்லாமே சுருங்கிப்போகிறது. சோதிக்கும் முன் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: ‘உண்டு’ என்று வந்தால் என்ன செய்வேன், ‘இல்லை’ என்று வந்தால் என்ன செய்வேன். இரண்டுக்கும் பதில் ஒன்றே என்றால் குப்பியைச் சேமியுங்கள்.

சிறுநீரிலும் மலத்திலும் குளூட்டன் துண்டுகளைத் தேடும் சோதனைகளும் வந்துவிட்டன. சிறுநீரில் ஓரிரு நாள், மலத்தில் சில நாள் முன்புவரை உண்டதைக் காட்டும். உணவுக்கட்டுப்பாடு இருந்தும் குடல் ஆறாதபோது மருத்துவருக்கு இது உண்மையான துணை. பதின்ம வயதுப் பிள்ளை வெளியே என்ன தின்றது என்று உளவு பார்க்கப் பெற்றோர் இதை வாங்கினால், பிள்ளை உண்மையைச் சொல்வதை நிறுத்திவிடும். எங்கே கலந்தது என்று தேட அந்த உண்மைதான் தேவை. முடிவு யார் கைக்குப் போகும், வந்தபின் என்ன பேசப்படும் என்று சோதனைக்கு முன்பே பிள்ளையோடு ஒப்புக்கொள்ளுங்கள்.

சிறு தயாரிப்பாளர்களுக்கு

சோதனைக்குச் செலவிடும் காசு உண்மையிலேயே வேலை செய்வது இங்கேதான்.

தானியத்தில் கலப்பு தூள்போல் பரவுவதில்லை, மணி மணியாக வருகிறது. ஒரு கோதுமை மணி ஏறத்தாழ 40 மில்லிகிராம், அதில் குளூட்டன் 4 மில்லிகிராம். ஒரு கிலோ ஓட்ஸில் ஐந்து மணி இருந்தால் சராசரி 20 பிபிஎம். 50 கிராம் கிண்ணத்தில் ஒரு மணி விழுந்தால் அந்தக் கிண்ணம் 80 பிபிஎம், விழாத கிண்ணம் பூஜ்யம். ஒரு கைப்பிடி எடுத்துச் சோதித்து ‘இல்லை’ என்று வந்தால் அந்த மணி வேறு கைப்பிடியில் இருக்கிறது என்றுதான் பொருள் கொள்ள வேண்டும். மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடத்தில் எடுத்து, ஒரு கிலோவாவது சேர்த்து, முழுவதையும் மாவாக அரைத்தபின் மாதிரி எடுங்கள். அதற்கும் முன்னால் ஒரு தட்டில் பரப்பிக் கண்ணால் பார்த்து மணி எண்ணுங்கள். முழுத் தானியத்தில் கண் இன்னும் ஸ்ட்ரிப்பைவிடக் கெட்டிக்காரன்.

இயந்திரமும் மேசையும் கழுவியபின் ஸ்வாப் (பரப்பைத் தேய்த்து மாதிரி எடுக்கும் பஞ்சுக் குச்சி) எடுங்கள். 10-க்கு 10 சென்டிமீட்டர் பரப்பை, நனைத்த ஸ்வாப்பால் குறுக்கும் நெடுக்குமாகத் தேய்க்க வேண்டும். உலர்ந்த ஸ்வாப் சரியாக எடுக்காது. வழவழப்பான நடுப்பகுதியைத் தேய்த்து மகிழாமல் திருகு இடுக்கு, கன்வேயர் மடிப்பு, சல்லடை விளிம்பு, மூடியின் உள்வளையம் ஆகியவற்றைத் தேடிப் போங்கள். குளோரின் மிச்சம் இருந்தால் சோதனையே கெடும், ஆகவே முதலில் வெறும் நீரால் அலச வேண்டும். ஸ்வாப் முடிவைப் பிபிஎம் என்று எழுதாதீர்கள், பரப்பில் கிடைத்தது உணவில் எவ்வளவு சேரும் என்று அது சொல்லாது. சுகாதாரத்துக்காக வைத்திருக்கும் ஏடிபி மீட்டர் பொதுவான அழுக்கைக் காட்டும், குளூட்டனை அறியாது.

மூலப்பொருளின் ஒவ்வொரு லாட்டுக்கும் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதிக்கும்) ஒரு சோதனை, கோதுமை ஓடிய இயந்திரத்தில் மாற்றி ஓட்டும்போது முதலில் வரும் பாக்கெட்டில் ஒன்று. இந்த இரண்டும் இருந்தால், முடிந்த சரக்கில் நடுவே ஒன்றை எடுத்துச் சோதிப்பது குறைவாகப் போதும். ஆய்வக அறிக்கை வந்ததும் நான்கு விஷயம் பாருங்கள்: எந்த ஆன்டிபாடி, சாண்ட்விச்சா போட்டியா, அளவிடக்கூடிய கீழ் எல்லை எவ்வளவு, மாதிரி எந்த லாட். ‘5 பிபிஎம்-க்குக் குறைவு’ என்றால் பூஜ்யம் அல்ல, அதற்குக் கீழே அந்த முறை எண் சொல்லாது என்று பொருள். அதை ‘நூறு சதவீதம் குளூட்டன் இல்லை’ என்று பாக்கெட்டில் அச்சடிப்பவர்கள் ஆய்வகம் சொல்லாததைச் சொல்கிறார்கள். அமெரிக்காவின் ஜிஎஃப்சிஓ என்ற தனியார் அமைப்பு தரும் சான்றிதழுக்கு வரம்பு 10 பிபிஎம், ஐரோப்பியச் சங்கங்களின் குறுக்கிட்ட கதிர் முத்திரைக்கு 20. எந்த முத்திரைக்குப் போகிறீர்களோ அதற்கேற்ப முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒவ்வொரு லாட்டிலும் இரண்டு பாக்கெட்டைக் காலாவதி தேதிவரை எடுத்து வையுங்கள். வாங்கியவர் ஒருவர் கைக்கருவியில் சிவப்பு வந்ததாகப் படம் அனுப்பினால், முதலில் அவர் கருவியைக் குறை சொல்லாதீர்கள். லாட் எண் கேளுங்கள், எடுத்து வைத்ததை அன்றே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள், முடிவு வரும்வரை அந்த லாட்டின் மீதியை நிறுத்தி வையுங்கள். முடிவு எதுவானாலும் அறிக்கையை முழுதாக அவருக்கு அனுப்புங்கள். 20-ஐத் தாண்டியிருந்தால் அந்த லாட் போன ஒவ்வொரு கடைக்கும் அதே நாளில் தகவல் போக வேண்டும். அந்தப் பட்டியலை லாட் வெளியேறும் நாளிலேயே எழுதி, சோதனைப் பதிவேட்டோடு சேர்த்தே வைத்திருங்கள்.